ஒன்றாம் எண் புட்டி

பள்ளிக்கரணையில் மின்சாரம் போய் வந்த பிற்பகல்.
உப்பளக்கும் கருவியின் தொட்டி
இருபத்து நாலு டிகிரிக்குத் திரும்ப
இன்னும் நாற்பது நிமிடம்.
எதிரே மரப்பெட்டியில் இருபத்து நாலு புட்டிகள்.
ஆழத்தில் முதலில் மூடிக்கொள்வதால்
அடிநீருக்குத்தான் எண் ஒன்று.

சென்னைக்கு நேர் கிழக்கே
மூவாயிரம் மீட்டர் கீழிருந்து
இது ஏறி வந்தபோது
கப்பலில் நானும் இருந்தேன்.
இரும்புக் கயிறு ஒரு மணி நேரம் முனகியது.
வின்ச் ஓட்டும் செபஸ்தி
குழாயைத் திறந்து கையை நனைத்தார்.
"ஐஸ் ஃபேக்டரி வாசல்ல நின்ன மாதிரி இருக்கு மேடம்."
காசிமேட்டுக்காரர், அவருக்குத் தெரியும்.
பிறகு எடுத்த அடிச்சேற்றில்
மோர்ப் பாக்கெட்டுகளைப் புதைத்து வைத்து
கால் மணியில் குடித்தோம்.
மே மாதம். மேலே கடல் முப்பது டிகிரி.

இந்தக் குளிர் நம்முடையதில்லை.
வங்காள விரிகுடாவுக்கு மூழ்கத் தெரியாது.
கங்கையும் கோதாவரியும் கொட்டிய நன்னீர்
மேலேயே நின்றுகொண்டிருக்கிறது,
மின்ரயில் படிக்கட்டுக் கூட்டம் மாதிரி,
உள்ளே போகவும் மாட்டாமல்
வழிவிடவும் மாட்டாமல்.

தெற்கே, வெகு தெற்கே,
சூரியன் எழாத மாதங்களில்
கடல் உறைகிறது.
உறையும் நீர் உப்பைச் சேர்த்துக்கொள்வதில்லை,
வெளியே தள்ளிவிட்டுத்தான் கட்டியாகிறது.
தள்ளப்பட்டது பக்கத்து நீரில் ஏறுகிறது.
குளிரும் உப்பும் சேர்ந்த நீர்
இனி மேலே இருக்க முடியாமல்
இறங்குகிறது.
காற்று தள்ளவில்லை. அலை இழுக்கவில்லை.
லிட்டருக்கு ஒரு கிராம்கூட இல்லாத
எடை வித்தியாசம்.
அது போதும், ஒரு பெருங்கடலின் அடிவயிறு அசைய.

பிறகு தரையோடு தரையாக,
இருட்டில், மலையிடுக்குகளைத் தடவித் தடவி
வடக்கே வருகிறது.
ஒரு நாளில் அது நடக்கும் தூரம்
எங்கள் தெருவுக்கும் ரேஷன் கடைக்கும் உள்ளது.
இங்கே வந்து சேர ஆயிரம் ஆண்டு என்கிறார்கள்,
கூடக்குறைய.
வந்தால் விரிகுடா ஒரு முட்டுச்சந்து.
சிறுகச் சிறுகச் சூடேறி
மேலே வரவேண்டியதுதான்.

கோவிலம்பாக்கத்து வீட்டில் போர் தண்ணீர் உப்பு.
வாளி விளிம்பில் வெள்ளைக் கோடு,
ஷவரின் பாதிக் கண்கள் அடைப்பு.
நேற்று லாரிக்காரரோடு சண்டை.
பகலெல்லாம் உப்பை
மூன்று தசம இடத்துக்கு அளந்துவிட்டு வந்து
பருப்பு வேகவில்லை என்று
குக்கரைத் திட்டும் என்னைப் பார்த்து
துளசிங்கம் சிரித்தான்.
நியாயம்தான்.

பச்சை விளக்கு.
அதே நீரால் மூன்று முறை
கண்ணாடிக் குழலை அலசுகிறேன்.
நான்காம் முறை அளக்கிறேன்.
முப்பத்து நாலு புள்ளி ஏழு மூன்று இரண்டு.
எழுதிக்கொள்கிறேன்.
மீதம் அரை டம்ளர்.
அதை வைத்துக்கொள்ள விதியில்லை.
ஸிங்கில் ஊற்றுகிறேன்.

இனி அது சதுப்புக்குப் போகும்,
கோரைக்கும் குப்பைமேட்டுக்கும் நடுவே
நாரைகளின் காலை நனைத்தபடி.
ஒக்கியம் மடுவைத் தாண்டி
பக்கிங்காம் கால்வாயில் திரும்பி
கோவளத்தில் கடலேறும்.
ஆயிரம் ஆண்டு அடியில் நடந்தது
அடுத்த மழைக்குள்
படிக்கட்டுக் கூட்டத்தில் நிற்கும்,
வெதுவெதுப்பாய், எடையற்று,
தான் எங்கிருந்து வந்தோம் என்று
பக்கத்தில் நிற்கும் கூவத்திடம் சொல்லாமல்.
மறுபடி இறங்க வேண்டுமென்றால்
பாதி உலகம் போக வேண்டும்,
ஒரு நீண்ட ராத்திரி வேண்டும்,
யாரோ வேண்டாமென்று தள்ளும் உப்பு வேண்டும்.

இரண்டாம் எண்.
மூடி இறுகியிருக்கிறது.
துப்பட்டா நுனியைச் சுற்றித் திருகுகிறேன்.